ஓட்டையைச் சத்தமில்லாமல் அடைத்துவிடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற மென்பொருள்கள் உள்ளே சேர்த்துப் பயன்படுத்தும் ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியைத் தனியாளாகப் பராமரிக்கிறீர்கள். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஜிப், டார் கோப்புகளைப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. முன்பின் தெரியாத ஒருவர் மெயில் போட்டிருக்கிறார்: தான் இணைத்திருக்கும் கோப்பை உங்கள் லைப்ரரி பிரித்தால், சொன்ன ஃபோல்டரைத் தாண்டி வெளியே போய் எழுதுகிறது, 90 நாள் கழித்து இதை வெளியிடப்போகிறேன் என்று. இது மிரட்டலா, பதில் போடலாமா கூடாதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "பேசாமல் சரிசெய்து, அடுத்த ரிலீஸில் 'சில பக்குகள் (பிழைகள்) சரிசெய்யப்பட்டன' என்று போட்டு முடித்துவிட்டால் என்ன?" உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு இதில் பழக்கம் எப்படி என்றால், ஆரம்பத்தில் மூன்று நான்கு வருடம் நானே மென்பொருள்களில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்து மெயில் போட்டுக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் பதிலே வராது. அப்புறம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், அப்படி வருகிற மெயில்களைப் படித்து, சோதித்து, பதில் சொல்லும் குழுவில் ஒன்பது வருடம். ஆக, அனுப்பியவருடைய எரிச்சலும் தெரியும், வாங்கியவருக்கு வயிற்றைக் கலக்குவதும் தெரியும். சட்டம் படித்தவனில்லை. அந்தப் பக்கம் பேச்சு போகும்போது என்னை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

முதலில் அந்த 90 நாள். இந்தத் துறையில் அது கிட்டத்தட்ட வழக்கமாகிவிட்ட எண். ஓட்டை தேடுவதற்கென்றே இருக்கும் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழு 2014-இல் தொடங்கி, அந்தக் கெடுவைக் கறாராகப் பின்பற்றியதால் பலரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். 1988-இல் மாரிஸ் புழு என்ற, தானாகப் பரவும் நிரல் இணையத்தை உலுக்கிய பிறகு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான செர்ட் ஒருங்கிணைப்பு மையத்தின் கெடு 45 நாள். ஓட்டைகளைக் காசு கொடுத்து வாங்கி, தயாரித்தவர்களிடம் சேர்க்கும் ஜீரோ டே இனிஷியேட்டிவ் 120 நாள் கொடுக்கிறது. கெடு வைப்பது திமிரால் இல்லை. கெடு சொல்லாத ரிப்போர்ட் எங்கே போகும் என்பதை நான் உள்ளிருந்தே பார்த்திருக்கிறேன், "அடுத்த காலாண்டில் பார்க்கலாம்" என்ற வரிசைக்குப் போகும், அங்கிருந்து திரும்பி வராது. மிரட்டல் வேறு மாதிரி இருக்கும்: "உங்களிடம் மோசமான ஓட்டை இருக்கிறது, பணம் அனுப்பினால் விவரம் தருகிறேன்" என்று வரும், விவரம் ஒன்றும் இருக்காது. உங்களுக்கு எழுதியவர் கோப்பையே இணைத்துக் கொடுத்துவிட்டார், காசைப் பற்றிப் பேசவில்லை. நல்ல மனிதர் மாதிரிதான் தெரிகிறது.

இன்னொரு வகையும் இப்போது நிறைய வருகிறது, செயற்கை நுண்ணறிவைக் கேட்டு வாங்கி அப்படியே ஒட்டிய ரிப்போர்ட். மூன்று பக்கத்துக்கு அழகாக எழுதியிருக்கும், நடுவில் உங்கள் லைப்ரரியில் இல்லவே இல்லாத ஒரு ஃபங்ஷனின் பெயர் இருக்கும். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டத்தைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க் 2024 தொடக்கத்திலிருந்தே இதைப் பற்றிப் பொதுவில் புலம்பிக்கொண்டிருக்கிறார். இதைப் பிரித்தறிய எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஓடவிட்டுப் பார்க்கக்கூடிய ஏதாவது ஒன்றைக் கேட்பது. உங்களுக்கு அது கேட்காமலே வந்துவிட்டது.

சரி, சத்தமில்லாமல் அடைக்கும் விஷயத்துக்கு வருவோம். அதில் நீங்கள் நினைப்பது என்னவென்றால், நீங்கள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று. ஆனால் திருத்தம் பொது ரெப்போவில், அதாவது உங்கள் நிரலை எல்லாரும் பார்க்க வைத்திருக்கும் இடத்தில், விழுந்த நிமிடமே நீங்கள் சொல்லியாகிவிட்டது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி மாறியிருக்கிறது, ஏன் மாறியிருக்கிறது என்று படிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் ரிலீஸ் குறிப்பு தேவையே இல்லை. கோப்புப் பெயரை எழுதுவதற்கு முன் பாதையைச் சரிபார்க்கும் நான்கு வரி புதிதாக வந்திருக்கிறது என்றால், முன்பு சரிபார்க்கவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்த நான்கு வரியைப் படிக்காதவர்கள் யார்? உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்கள். அவர்களுக்கு 'சில பக்குகள் சரிசெய்யப்பட்டன' என்ற வரிதான் கண்ணில் படும், அதைப் பார்த்து யாரும் இன்றைக்கே அப்டேட் செய்ய மாட்டார்கள், நானும் மாட்டேன். ஆக, யாரிடம் மறைக்க வேண்டுமோ அவர்களிடம் மறைக்க முடியாது. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களிடம் மட்டும்தான் மறைத்திருப்பீர்கள்.

இதற்கு நடந்த கதைகளே உண்டு. 2018 தொடக்கத்தில் வெளிவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டைகளை ஜனவரி 9-ஆம் தேதி வெளியிடுவதாகப் பெரிய நிறுவனங்கள் பல மாதம் முன்பே பேசி வைத்திருந்தன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் நினைவகத்தைப் பிரித்து வைக்கும் ஒரு பெரிய மாற்றம் வழக்கத்தை மீறிய அவசரத்தோடு உள்ளே போவதைப் பார்த்த வெளியாட்கள், பிராசஸரிலேயே ஏதோ கோளாறு என்று ஊகித்துவிட்டார்கள். ஜனவரி 3 அன்றே வெளியிட வேண்டியதாகிவிட்டது. அறிவிப்பு எதுவும் வரும் முன்பே திருத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது. லாக்4ஜே கதை இதைவிட மோசம்; ஜாவா மென்பொருள்கள் தங்கள் நடவடிக்கைகளைப் பதிந்து வைக்கப் பயன்படுத்தும் லைப்ரரி அது. 2021 நவம்பர் 24 அன்று அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழுவிலிருந்து, அதைப் பராமரிக்கும் அப்பாச்சி அமைப்புக்குத் தனியாகத் தகவல் போனது. திருத்த வேலை பொது ரெப்போவில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் நடந்தது. உலகத்துக்குத் தெரிந்தது டிசம்பர் 9, 10 வாக்கில். பிறகு தங்கள் பதிவுகளைத் தோண்டிப் பார்த்த கிளவுட்ஃப்ளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், டிசம்பர் 1-ஆம் தேதியே முதல் தாக்குதல் முயற்சியின் தடயம் இருப்பதாகச் சொன்னது. அந்த முதல் ஆள் திருத்தத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாரா, தானாகவே கண்டுபிடித்தாரா என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் அது ரகசியமாக இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

மறுபக்கத்துக்கும் ஓர் உதாரணம். மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி-யில் இருந்த ஓட்டைக்கான பேட்சை (திருத்தத்தை), மிக ஆபத்தானது என்று முத்திரை குத்தியே வெளியிட்டது. அதே ஓட்டை வழியாகப் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை மே 12 அன்று வந்தது. நடுவில் 59 நாள். சத்தம் போட்டுச் சொன்ன பிறகும் அத்தனை மெஷின்கள் பேட்ச் போடாமல் கிடந்தன. சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நிறைய பேருக்குத் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. டெபியன் ஸ்டேபிள் மாதிரியான லினக்ஸ் விநியோகங்கள் உங்கள் புதிய பதிப்பை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை; பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தம் என்று அடையாளம் தெரிகிற மாற்றத்தை மட்டும் பிய்த்து எடுத்துப் பழையதில் ஒட்டுகிறார்கள். நீங்கள் அதைப் பாதுகாப்புத் திருத்தம் என்று சொல்லாவிட்டால், அவர்கள் கணக்கில் அது ஒரு சாதாரண மாற்றம், ஒட்ட வேண்டிய அவசியமில்லை. அந்தப் பழைய பதிப்பு வருடக்கணக்கில் ஓட்டையோடு ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டையுள்ள லைப்ரரியைப் பயன்படுத்தினால் எச்சரிக்கும் டிபென்டபாட், என்பிஎம் ஆடிட் போன்ற கருவிகளும் இப்படித்தான், அட்வைசரி (ஓட்டையைப் பற்றிய பாதுகாப்பு அறிவிப்பு) என்று ஒன்று எங்காவது பதிவானால்தான் அவை வாயைத் திறக்கும்.

ஆகவே சொல்லலாமா வேண்டாமா என்பதில் உங்களுக்குத் தேர்வு என்று ஒன்றுமில்லை. திருத்தம் வெளியே தெரிவதற்கும் அட்வைசரி வெளியே வருவதற்கும் நடுவில் எத்தனை நேரம் விடுகிறீர்கள் என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. அந்த இடைவெளியைச் சில மணி நேரத்துக்குள் சுருக்குவதுதான் மொத்த வேலையும்.

இனி நடைமுறை. இன்றைக்கே அவருக்கு மூன்று வரி பதில் போடுங்கள்: கிடைத்தது, படித்தேன், இத்தனை நாளுக்குள் சோதித்துச் சொல்கிறேன். "உண்மைதான்" என்றோ "இல்லை" என்றோ அதில் எழுத வேண்டாம், இன்னும் உங்களுக்கே தெரியாது. நான் மெயில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் என்னை வெறுப்பேற்றியது தாமதம் இல்லை, மௌனம்தான். 90 நாள் கேட்டு 120 நாள் எடுத்துக்கொண்டவர்களோடு கடைசிவரை நல்ல உறவில் இருந்திருக்கிறேன், காரணம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வரியாவது வந்துவிடும்.

அடுத்தது, ஓட்டையை உங்கள் கண்ணால் பார்ப்பது. அவர் அனுப்பிய கோப்பை உங்கள் வழக்கமான கம்ப்யூட்டரில் பிரிக்காதீர்கள், ஃபோல்டரைத் தாண்டி எழுதும் கோப்பு என்று அவரே சொல்லியிருக்கிறார் இல்லையா, தூக்கி எறியக்கூடிய ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் தனியாக ஓடும் போலிக் கம்ப்யூட்டரில்) பிரியுங்கள். இந்த இடத்தில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். குழுவில் சேர்ந்த முதல் வருடம், இதே வகை ரிப்போர்ட் ஒன்று வந்தது. என் லினக்ஸ் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை, "எங்களால் மறுபடி நிகழ்த்த முடியவில்லை" என்று எழுதி மூடிவிட்டேன். மூன்று வாரம் கழித்து வேறொருவர் அதே ஓட்டையைச் சொன்னார், கூடவே ஸ்கிரீன்ஷாட்டும். விண்டோஸ் ஸ்கிரீன்ஷாட். முதல் ஆள் கோப்புப் பெயரில் பின்சாய்கோடு போட்டிருந்தார். லினக்ஸில் அது பெயரின் ஓர் எழுத்து, விண்டோஸில் அதுதான் ஃபோல்டர் பிரிப்பான். அவர் அதை மெயிலின் நான்காவது வரியில் எழுதியும் இருந்தார். நான்தான் படிக்கவில்லை. ஒரே ஓட்டையை இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டுபிடிப்பது அபூர்வம் என்றும் நினைக்காதீர்கள். 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டையைக் கூகுளைச் சேர்ந்த ஒருவரும் கோடெனாமிகான் என்ற நிறுவனத்தின் பொறியாளர்களும் ஒருவருக்கொருவர் தெரியாமலேயே கண்டுபிடித்தார்கள். அந்தப் பிழையோ இரண்டு வருடத்துக்கு மேலாக எல்லார் கண் முன்னாலும் கிடந்தது. உங்களுக்கு எழுதியவர் 90 நாள் காத்திருப்பார், சரி. அவரைப் போலவே அதைக் கண்டுபிடிக்கும் இரண்டாவது ஆள் காத்திருப்பாரா?

திருத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஓட்டை பழைய வகை, 2018-இல் ஜிப் ஸ்லிப் என்று பெயர் வைத்து மறுபடி பேசப்பட்டதே, அதுதான். சுருக்கிய கோப்புக்குள் இருக்கும் பெயரிலேயே 'ஒரு படி மேலே போ' என்கிற ../ இருக்கிறது, லைப்ரரி அதை நம்பி மேலே போய்விடுகிறது. இதற்கு எல்லாரும் முதலில் எழுதும் திருத்தம், பெயரில் ../ வந்தால் அழித்துவிடு என்பது. ஒரு தடவை மட்டும் அழித்தால் ....// என்று கொடுத்தால் போதும், நடுவில் இருப்பது அழிந்து, மிச்சம் இருப்பவை ஒட்டிக்கொண்டு மறுபடி ../ ஆகிவிடும். இரண்டாவது திருத்தம் இதைவிடப் புத்திசாலித்தனமாகத் தெரியும்: முழுப் பாதையையும் கணக்கிட்டு, அது நம் ஃபோல்டரின் பெயரில் தொடங்குகிறதா என்று பார். /வேலை/படம் என்பது ஃபோல்டர் என்றால், /வேலை/படம்பழசு என்பதும் அதே எழுத்துகளில்தானே தொடங்குகிறது? கடைசியில் சாய்கோட்டையும் சேர்த்து ஒப்பிட மறந்தால் பக்கத்து ஃபோல்டருக்குள் எழுதிவிடலாம். இதையும் சரிசெய்தாயிற்று என்று உட்காரும்போது டார் கோப்பு வரும்: முதல் பதிவு ஒரு சிம்லிங்க் (வேறு இடத்தைச் சுட்டும் குறுக்குவழி), வெளியே எங்கேயோ காட்டுகிறது, இரண்டாவது பதிவு அந்த லிங்க்கின் வழியாக ஒரு கோப்பு. பெயரை எழுத்தாகப் பார்த்தால் எல்லாம் உள்ளேயேதான் இருக்கிறது, எழுதும்போது வெளியே போகிறது. ரிப்போர்ட் அனுப்பியவர் ஒரு கதவைக் காட்டியிருக்கிறார், ரிலீஸுக்கு முன்னால் அந்த வரிசையில் இருக்கும் மற்ற கதவுகளையும் நீங்கள் தட்டிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அட்வைசரி வந்த மறுநாள் பத்துப் பேர் வந்து தட்டுவார்கள். திருத்தத்தை அவருக்கே அனுப்பி "இதை உடைக்க முடிகிறதா?" என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இதற்கு மாட்டேன் என்று சொன்னவர் மிகக் குறைவு.

இந்த வேலையைப் பொது ரெப்போவில் செய்யாதீர்கள். நிரல்களை வைத்துக்கொள்ளும் தளமான கிட்ஹப்பில் இருந்தால், அட்வைசரி வரைவு ஒன்றைத் திறந்து அதிலிருந்தே தற்காலிகத் தனி ஃபோர்க் (நகல்) எடுத்துக்கொள்ளலாம். ரகசியம் காப்பதற்காக அதில் சிஐ (தானாக ஓடும் சோதனை) ஓடாது, டெஸ்ட்டை உங்கள் மெஷினிலேயே ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான். இது ஏன் முக்கியம் என்பதற்கு எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். கமிட் செய்தியை, அதாவது நிரல் மாற்றத்தோடு போகும் குறிப்பை, மிகக் கவனமாக எழுதினோம், 'பாதை கையாளுதல் ஒழுங்குபடுத்தப்பட்டது' என்று, மூன்று பேர் உட்கார்ந்து வார்த்தை பார்த்தோம். அதே கமிட்டில் டெஸ்ட் ஃபோல்டருக்குள் ஒருவர் ஒரு ஜிப் கோப்பையும் சேர்த்திருந்தார், அதன் பெயரிலேயே 'எக்ஸ்ப்ளாய்ட்' (ஓட்டையை வைத்துத் தாக்குவது) என்று இருந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அன்று மாலையே வெளியாள் ஒருவர், "இதற்கு சிவிஇ எண் உண்டா?" என்று பொதுவில் கேட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்துப் போட வேண்டிய அட்வைசரியை அன்று இரவு பதினொன்றரை மணிக்கு எழுதி முடித்தோம்.

சிவிஇ எண்ணைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். 1999-இல் மைட்டர் அமைப்பு தொடங்கிய வரிசை அது, ஓட்டைக்கு ஒரு பெயர், எல்லாரும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசுகிறோமா என்று உறுதிசெய்துகொள்ள. குற்றப்பத்திரிகை இல்லை. கிட்ஹப் வழியாகவே இலவசமாகக் கேட்டு வாங்கலாம், முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் அட்வைசரியில் போடச் சௌகரியம்.

அதோடு வரும், ஓட்டை எவ்வளவு ஆபத்து என்று காட்டும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண்தான் தலைவலி. பூஜ்யத்திலிருந்து 10 வரை, 7 முதல் உயர் ஆபத்து, 9 முதல் மிக ஆபத்து. உங்கள் லைப்ரரியை ஒருவர் தன் சொந்த பேக்கப் கோப்புகளைப் பிரிக்க மட்டும் பயன்படுத்துகிறார், இன்னொருவர் ஊர் பேர் தெரியாதவர்கள் ஏற்றும் கோப்புகளை சர்வரில் பிரிக்கிறார். முதல் ஆளுக்கு இந்த ஓட்டை ஒன்றுமே இல்லை, இரண்டாவது ஆளுக்கு சர்வரே போகும். ஒரே எண்ணால் இருவருக்கும் எப்படிச் சொல்வது? நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய மோசமான நிலையை வைத்து எண் போடுவது வழக்கம், ஆகவே நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகத்தான் வரும். அதை எதிர்த்து மல்லுக்கட்டுவதைவிட, அட்வைசரியில் 'நம்பகமில்லாதவர்கள் தரும் கோப்புகளைப் பிரிப்பவர்களுக்கு மட்டும் ஆபத்து' என்று ஒரு வரி தெளிவாக எழுதுவது பயனுள்ளது. எது பாதுகாப்பு ஓட்டை, எது வெறும் பக் என்பதிலேயே இந்தத் துறைக்குள் ஒத்த கருத்து கிடையாது. லினக்ஸ் கர்னல் குழு 2024-இல் தானே சிவிஇ எண் கொடுக்கும் அதிகாரம் வாங்கிக்கொண்டு, கர்னல் மட்டத்தில் எந்த பக்கும் ஓட்டையாக மாறலாம் என்று சொல்லி எண்களை அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தபோது பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

முன்கூட்டியே யாருக்காவது சொல்ல வேண்டுமா என்றால், உங்கள் அளவு லைப்ரரிக்கு அவ்வளவாகத் தேவையில்லை. உங்களை நம்பியிருக்கும் பெரிய திட்டம் ஒன்றிரண்டு தெரிந்தால் சில நாள் முன்னால் தனியாகச் சொல்லலாம். லினக்ஸ் விநியோகங்களின் தனி மெயிலிங் லிஸ்ட்டில் அதிகபட்சம் 14 நாள்தான் எம்பார்கோ (வெளியே சொல்லாமல் காக்கும் காலம்), அதற்கு மேல் அவர்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அதற்குக் காரணமும் உண்டு. தெரிந்தவர்களின் எண்ணிக்கை கூடக் கூட ரகசியத்தின் ஆயுள் குறையும். 2008-இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி, இணையப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பின் அடிப்படையிலேயே ஓட்டை கண்டுபிடித்தபோது, பல நிறுவனங்களைச் சேர்த்து ஜூலை 8 அன்று ஒரே நாளில் பேட்ச் வெளியிட வைத்தார், அது பெரிய சாதனை. ஆகஸ்டில் தான் மேடையில் பேசும்வரை விவரத்தை யாரும் ஊகித்து எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஜூலை 21-இல் விவரம் இணையத்தில் வந்துவிட்டது. 13 நாள்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவற்றை உறுதியாகச் சொன்னேன். இனி வருவது என் கருத்து மட்டும், என்னைவிட அனுபவசாலிகள் மாற்றிச் சொல்வார்கள். பிஓசி, அதாவது ஓட்டையை இயக்கிக் காட்டும் கோப்பை, அட்வைசரியோடு சேர்த்தே வெளியிடலாமா? உங்கள் விஷயத்தில் மறைத்துப் பிரயோஜனமில்லை என்று நினைக்கிறேன், திருத்தத்தைப் பார்த்தால் அரை மணி நேரத்தில் யாரும் செய்துவிடுவார்கள். மறைத்தால் கஷ்டப்படப்போவது, தங்கள் பழைய பதிப்பு பாதிக்கப்படுகிறதா என்று சோதிக்க விரும்புகிற நல்லவர்கள்தான். நினைவகத்தைச் சிதைக்கும் வகை ஓட்டைக்கு என் பதில் வேறு. அதை வேலை செய்யும் தாக்குதலாக மாற்றுவதற்கே வாரக்கணக்கில் உழைப்பு தேவைப்படலாம், அந்த வாரங்களை ஏன் இலவசமாகக் கொடுக்க வேண்டும்? ப்ராஜெக்ட் ஜீரோவே 2021-இல் விதியை மாற்றிக்கொண்டது: 90 நாளுக்குள் பேட்ச் வந்துவிட்டால், தொழில்நுட்ப விவரத்துக்கு மேலும் 30 நாள் பொறுத்திருப்போம் என்று. அதனால் எத்தனை பேர் தப்பித்தார்கள் என்று கணக்கிட்டுச் சொல்ல யாராலும் முடியாது, நடக்காத தாக்குதலை எண்ணுவது எப்படி? 90 என்ற எண்ணே அனுபவத்தில் படிந்த ஒரு பேரம்தான், அறிவியல் இல்லை. உங்கள் திருத்தம் பத்து நாளில் முடிந்துவிட்டால் மீதி 80 நாளைக் காத்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு சூழ்நிலையில் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகும். ஏற்கெனவே யாரோ இந்த ஓட்டையை வைத்துத் தாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் நாள் கணக்கு பார்க்காதீர்கள். அப்படிப்பட்டவற்றுக்கு ப்ராஜெக்ட் ஜீரோவின் கெடுவே 7 நாள்தான். பேட்ச் தயாராகாவிட்டாலும் 'வெளியார் கோப்புகளைப் பிரிப்பதைத் தற்காலிகமாக நிறுத்துங்கள்' என்றாவது சொல்லிவிட வேண்டும்.

சட்டம் என்று வந்தால், எனக்குத் தெரிந்த அளவில் தனியாளாக, காசு வாங்காமல் செய்கிற உங்களை யாரும் இதற்காகப் பிடிப்பதில்லை, ஆனால் உங்கள் லைப்ரரியை உள்ளே வைத்துப் பொருள் விற்கிற நிறுவனங்களுக்கு நிலைமை மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டப்படி, தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டை தங்கள் பொருளில் இருப்பது தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் கொடுக்க வேண்டும், 2026 செப்டம்பர் 11 முதல். அதனால் அந்த நிறுவனங்களின் ஆட்கள் உங்களுக்குப் பதற்றமாக மெயில் போடலாம். பொறுமையாக அட்வைசரி லிங்க்கை அனுப்புங்கள், அவர்கள் அனுப்பும் நீளமான கேள்விப் படிவத்தை நிரப்ப வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கடமை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்வியில் ஒரு களைப்பு தெரிந்தது. இத்தனையும் சம்பளமில்லாத ஒருவரிடம் எதிர்பார்ப்பது நியாயமா என்றால், இல்லை. பல மென்பொருள்கள் நம்பியிருக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 என்ற லைப்ரரியைப் பராமரித்தவர் 2025-இல், இனிமேல் எம்பார்கோ எதையும் ஏற்க மாட்டேன், பாதுகாப்பு பக்கும் மற்ற பக் மாதிரிதான், வந்த உடனே பொதுவில் போட்டுவிடுவேன் என்று அறிவித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களால் மூன்று மாதம் இதில் மாரடிக்க முடியாது என்றால் அதையே வெளிப்படையாகச் சொல்லலாம்: இன்ன ஓட்டை இருக்கிறது, இப்போதைக்கு என்னால் சரிசெய்ய முடியவில்லை, வெளியாரின் கோப்புகளை இதில் பிரிக்காதீர்கள், யாராவது பேட்ச் அனுப்பினால் சேர்க்கிறேன். கேட்க அசிங்கமாக இருக்கலாம். ஆனால் சத்தமில்லாத திருத்தத்தைவிட இதைப் படிக்கிறவருக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

அட்வைசரி எழுதும்போது ஐந்து விஷயம் இருந்தால் போதும், அரைப் பக்கத்தில் முடியும்: எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்பு வரை பாதிப்பு, எதில் சரியானது, தாக்குகிறவருக்கு என்ன தேவை, உடனே மேம்படுத்த முடியாதவர்கள் இடைக்காலத்தில் என்ன செய்யலாம், கண்டுபிடித்தவர் யார். கடைசி விஷயத்தில் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள், சிலர் புனைபெயர் கொடுப்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். முதல் விஷயத்தில் 'எல்லாப் பழைய பதிப்புகளும்' என்று சோம்பேறித்தனமாக எழுதாமல், அந்த வரி எப்போது உள்ளே வந்தது என்று ரெப்போவின் வரலாற்றில் பார்த்து எழுதுங்கள், பதினைந்து நிமிட வேலைதான்.

வெள்ளிக்கிழமை மாலை மட்டும் வெளியிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் 2003-இலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையைப் பிடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தம் இருக்கிறது, பேட்ச் போட வேண்டியவர்கள் அலுவலகத்தில் இருக்கும் நாள் அது. அப்புறம், அடுத்த இரண்டு மூன்று நாளை உங்கள் நாட்குறிப்பில் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். லாக்4ஜே-யில் 2.15 வந்து, அது போதாமல் 2.16, பிறகு 2.17, பிறகு 2.17.1, எல்லாம் அந்த ஒரே டிசம்பருக்குள். உங்கள் முதல் திருத்தத்திலும் யாராவது ஒரு சிம்லிங்க்கைக் கொண்டுவந்து நிற்பார்கள், அந்த மெயில் வரும்போது நீங்கள் விழித்திருக்க வேண்டும்.